இரண்டு மணி விமானத்தில் ஓர் இடம்

காளியம்மாவுக்கு விமானத்தில் ஏற வேண்டும் என்ற ஆசை அதுவரை ஒரு நாளும் தோன்றியதில்லை. பாடாங் செராய்க்கு அப்பால் இருந்த அவளுடைய ரப்பர்த் தோட்டத்தின் மேலே, பட்டர்வொர்த் படைத்தளத்து விமானங்கள் நாள்தோறும் இரைந்துகொண்டு போகும். பால்வாளியோடு நிற்கும் காளியம்மா தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள். ஆனால், தம்பி அய்யாவின் திருமணத்துக்குத் தங்கை புஷ்பவள்ளி பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் போகப்போகிறாள் என்று கணவன் பிச்சை சொன்ன மாலையில், சோறு வடித்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

"அவ மட்டும் என்னா, வானத்திலேருந்து குதிச்சவளா?"

"குதிக்கலையே. இனிமேத்தானே ஏறப் போறா" என்றான் பிச்சை.

அந்தக் கிண்டலுக்கு அவன் கொடுத்த விலை, அன்றைக்குக் குழம்பில்லாத வெறுஞ்சோறு.

ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு. காளியம்மா ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவள். கடைக்குட்டியான அய்யாவைப் பெற்றுப்போட்டுவிட்டுத் தாய் கண்ணை மூடியபோது, அவள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து அவள் இடுப்பில் அய்யாவு இருந்தான். விரலைப் பிடித்துக்கொண்டு புஷ்பவள்ளி நடந்தாள். தகப்பன் குழந்தைவேலு பால்வெட்டிவிட்டுத் திரும்பும்போது அடுப்பில் ஏதாவது வெந்துகொண்டிருக்க வேண்டும். வேகவைத்தவள் காளியம்மா. வயது வந்ததும் அவளே உளியை எடுத்துக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் இறங்கினாள்.

புஷ்பவள்ளியின் கதை வேறு. அவளுக்குப் படிப்பு வந்தது. கூலிம் நகரத்தில் ஆங்கிலப் பள்ளி, பிறகு தாதியர் பயிற்சி, பிறகு பினாங்குப் பெரிய மருத்துவமனையில் வேலை. வெள்ளைச் சீருடையும் வெள்ளைச் சப்பாத்துமாக அவள் தோட்டத்துக்கு வந்து இறங்கினால், தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். "இந்தப் புள்ளைக்குச் சளி விடலையே, பாரு தாயி" என்பார்கள். அவர்களுக்குத் தேநீர் கலக்குவது காளியம்மாவின் பொறுப்பு.

இவற்றையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள் என்றே வைத்துக்கொள்ளலாம். தகப்பன் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நடந்ததைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. மாதக்கணக்கில் அவருடைய மலசலத்தை அள்ளியவள் காளியம்மா. புஷ்பவள்ளி இரண்டு நாள் விடுப்பில் வந்தாள். ஓர் ஊசி போட்டாள். தலையணையைச் சற்று உயர்த்தி வைத்தாள். குழந்தைவேலு அன்று வந்தவர்களிடமெல்லாம், "எம் மக புஷ்பாதான் எனக்கு உசுரு குடுத்தா" என்று சொன்னார். அந்தச் சொல்லோடுதான் இறந்தும் போனார். அதன்பின் புஷ்பவள்ளி எதைத் தொட்டாலும், அந்தப் பொருள் தன் கையிலிருந்து பிடுங்கப்பட்டது போலவே காளியம்மாவுக்குத் தோன்றியது.

இப்போது திருமணம், சனிக்கிழமை மாலை முகூர்த்தம். தாலிக்கு மூன்று முடிச்சு. முதல் முடிச்சை மணமகன் போடுவான். மற்ற இரண்டையும் மணமகளின் பின்னால் நின்று அவனுடைய சகோதரி போடுவாள். அது நாத்தனாரின் உரிமை. இரண்டு சகோதரிகள் இருந்தால் மூத்தவளின் கைதான் முந்தும். ஆனால் பெண்வீட்டார் கோலாலம்பூர்ச் செந்தூலில் இரயில்வே குடும்பத்தார், நாலெழுத்துப் படித்தவர்கள். நிச்சயதார்த்தத்தில் புஷ்பவள்ளியைப் பார்த்துவிட்டு, "நர்ஸ் அக்காவே முடிச்சுப் போடட்டுமே" என்று பெண்ணின் தாயார் சொல்லிவிட்டார். அய்யாவு கோலாலம்பூரில் தொலைபேசி இலாகாவில் வேலை பார்ப்பவன். அவன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை, தட்டிலிருந்த லட்டை எடுத்துக் கடித்தான்.

தோட்டத்துப் பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள்: "மூத்தவ குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, கல்யாணமாகாத இளையவ கை வைக்கிறதா? காளிதான் போடணும். அவ அந்த நேரத்துக்கு அங்க இல்லேன்னா அது வேற பேச்சு."

அந்தக் கடைசி வாக்கியம் காளியம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கியது.

உறவுக்காரர்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமை மாலையே வாடகைப் பேருந்தில் புறப்படுவதாக ஏற்பாடு. பேருந்தில் போயிருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. புஷ்பவள்ளிக்கு வெள்ளி இரவு வேலை; விடுப்புக் கிடைக்கவில்லை; அதனால்தான் சனிக்கிழமை விமானம். காரணம் இவ்வளவு தெளிவாக இருந்தும் காளியம்மாவின் காதில் அது ஏறவில்லை. தங்கை வானத்தில் வந்து இறங்க, அக்காள் பேருந்தில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்து இறங்குவதா? கூட்டுச் சீட்டில் எடுத்து வைத்திருந்த பணத்தோடு அவள் சுங்கைப் பட்டாணிக்குப் பேருந்து ஏறினாள்.

விமானச் சீட்டு விற்கும் கடையில் ஹெர்பர்ட் என்பவர் இருந்தார். பாதிரியாரைப் போல நிதானமாகப் பேசுபவர்.

"முழுக் கட்டணச் சீட்டு ஒண்ணு இருக்கும்மா. அதை வச்சுக்கிட்டு எந்தப் பிளேன்லயும் மாறிப் போகலாம். சலுகைச் சீட்டு ஒண்ணு இருக்கு. மலிவு. ஆனா எழுதின பிளேனை விட்டுட்டா சிரமம். நாள் மாத்த முடியாது, பணமும் திரும்பாது. யோசிச்சுச் சொல்லுங்க."

"ரெண்டு மணிக்கு ஒரு பிளேன் போகுதாமே?"

"போகுது."

"அதுக்கு முந்தின பிளேன்ல மலிவுச் சீட்டு குடுங்க."

"முந்தினது நண்பகல்ல. அங்க சீக்கிரமாப் போய் என்னம்மா செய்யப் போறீங்க?"

"போய் நிக்கணும்" என்றாள் காளியம்மா. "அவ வர்றப்ப நான் நிக்கணும்."

எவள் என்று ஹெர்பர்ட் கேட்கவில்லை. சீட்டை எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை, பிச்சையையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பேருந்து புறப்பட்டது. சன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன.

"என்னா காளி, மேலே போறப்ப எங்களுக்குக் கை காட்டு லா!"

"கீழே குனிஞ்சு பாக்காதே அண்ணி, தலை சுத்தும்!"

"அவ எங்க குனியப் போறா? இப்பவே நிமிந்துதானே நிக்கிறா!"

காளியம்மா உண்மையாகவே நிமிர்ந்துதான் நின்றாள்.

கோயில் பண்டாரத்திடம் நேரம் கேட்டதில்தான் ஒரு தடை வந்தது. சனிக்கிழமை காலை அவள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய வேளை சரியாக இராகு காலத்தில் விழுந்தது. அதற்கும் வழி இல்லாமற் போகவில்லை. பயணம் போகிறவர், தம்மோடு எடுத்துச் செல்லும் பொருளை முன்னதாகவே ஒரு நல்ல நேரத்தில் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் குற்றமில்லை. அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். காளியம்மா பட்டுச் சேலையையும் குங்குமச் சிமிழையும் விமானச் சீட்டையும் ஒரே பையில் வைத்து, லயத்தின் கடைசி வீட்டிலிருந்த செல்லாயியிடம் ஒப்படைத்தாள். செல்லாயி கல்யாணத்துக்குப் போகாதவள். அவள் வீட்டுக் கதவு எந்நாளும் திறந்தே கிடக்கும். உள்ளே எடுத்துப் போக ஒன்றுமில்லை என்பது நாய்க்கும் தெரியும்.

மறுநாள் காலை பாடாங் செராயிலிருந்து வாடகைக் கார் வந்து நின்றது. குளித்துப் பூ வைத்துக்கொண்டு காளியம்மா கடைசி வீட்டுக்குப் போனாள். கதவில் பெரிய பூட்டு ஒன்று தொங்கியது.

செல்லாயி விடியுமுன்பே ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பால்வெட்டக் காட்டுக்குள் இறங்கிவிட்டிருந்தாள். எந்த மர நிரையில் வெட்டுகிறாள் என்று கேட்க லயத்தில் ஆள் இல்லை. பாதித் தோட்டம் கல்யாணத்துக்குப் போயிருந்தது. காளியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். முந்திய நாள் மழையில் காடு சேறாகக் கிடந்தது. "செல்லாயீ! ஏ செல்லாயீ!" என்ற கூவலுக்கு மரங்கள்தாம் பதில் சொல்லின. கடைசியில் கால்வாய்க்கு அப்பால் ஒரு மரத்தடியில் செல்லாயி தலை நீட்டினாள்.

"அடி, நீ இன்னும் பறக்கலியா?"

"சாவியக் குடுடி! ஏன்டி பூட்டுன? உன் வீட்டை எவன்டி பூட்டச் சொன்னான்?"

"பறக்குற சீட்டு உள்ள இருக்கேன்னுதான்டி பூட்டுனேன்! சீனன் கடையில புதுப் பூட்டுன்னா வாங்கியாந்தேன் உனக்காக. நல்லதுக்குக் காலமில்ல!"

சாவி வந்தது, பை வந்தது, கார் பறந்தது. ஆனால் பட்டர்வொர்த்தில் படகுத்துறை இருந்தது. அந்நாளில் பினாங்குக்குப் பாலம் இல்லை. தீவுக்குப் போகும் வாகனங்கள் எல்லாம் வரிசையில் நின்று படகில் ஏற வேண்டும். வரிசை நகர்ந்த விதத்தைப் பார்த்துக் காளியம்மா பண்டாரத்தைச் சபித்தாள். பிறகு செல்லாயியைச் சபித்தாள். பிறகு, பழக்கத்தின் காரணமாகப் புஷ்பவள்ளியைச் சபித்தாள்.

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் அவள் ஓடிப்போய் நின்ற சீட்டுப் பதியும் முகப்பில் ஓர் இளம்பெண் இருந்தாள். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. சட்டையில் கேதரின் என்ற பெயர். மலாயில் ஏதோ சொல்லத் தொடங்கியவள், காளியம்மாவின் சேற்றுப் பாதங்களையும் தலைப் பூவையும் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள்.

"ஐயோ அக்கா, கதவை மூடிட்டாங்களே. பிளேன் அதோ நிக்குது, இன்னும் நகரலை. ஆனா இனிமே ஏத்த மாட்டாங்க."

"நிக்கிற பிளேன்ல ஏறுறதுக்கு என்னாம்மா? நான் ஓடிப் போயிடுறேன்."

"பஸ் இல்லைக்கா அது." கேதரின் சீட்டை வாங்கிப் புரட்டினாள். "சலுகைச் சீட்டு. ம்... நல்லவேளை, பிளேன் போறதுக்கு முன்னாலேயே வந்து சொல்லிட்டீங்க. போன பிறகு வந்திருந்தா இது வெறும் காகிதம். இப்ப ஒரு வழி இருக்கு. இன்னைக்கே போற வேற பிளேன்ல இடம் மிச்சமிருந்தா மாத்திக் குடுக்கலாம். இன்னைக்கு மட்டும்தான், நாளைக்குச் செல்லாது."

"அப்ப ரெண்டு மணி பிளேன்ல மாத்து."

"அது நிறைஞ்சு போச்சு. யாராவது வராம இருந்தாத்தான் இடம். காத்திருக்கிறவங்க வரிசையில உங்க பேரைப் போடுறேன். உங்களுக்கு முன்னால ஒருத்தர்தான். அது கிடைக்கலேன்னா அஞ்சு மணி பிளேன் காலியாத்தான் போகுது."

ஐந்து மணி விமானம் போய்ச் சேரும் நேரத்தில் செந்தூலில் கெட்டிமேளம் கொட்டி முடிந்திருக்கும். இரண்டு மணி விமானத்தில் போகிறவளோ மண்டபத்தில் சாவகாசமாகப் பூ மாற்றிக்கொண்டு, மணமகளின் பின்னால் போய் நிற்பாள். அவள் யார் என்பதும் காளியம்மாவுக்குத் தெரியும்.

காளியம்மா கால் கழுவிக்கொள்ளக் குழாயைத் தேடிப் போனாள். கூடத்தின் கடைக்கோடியில், தூணை ஒட்டிய நாற்காலியில், புஷ்பவள்ளி தூங்கிக்கொண்டிருந்தாள்.

இரவு வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும். காலில் வெள்ளைச் சப்பாத்து, மடியில் கைப்பை, பக்கத்தில் தோள்பை ஒன்று. முகப்பு திறக்குமுன்பே வந்து உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள் போலும். காளியம்மா ஒரு கணம் மூச்சை அடக்கி நின்றாள். பிச்சை தூங்கினால் குறட்டை கூரையைத் தூக்கும். தானே தூங்கும்போது வாய் பிளந்து கிடப்பதாகப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். இவள் தூங்கும்போதுகூட, படம் பிடிக்க வருகிறவனுக்காகக் காத்திருப்பவளைப் போல, உதடு மூடி, கழுத்து ஒருபக்கம் அளவாகச் சாய்ந்து தூங்கினாள். இவ்வளவு களைப்பிலும் ஒரு முடி கலையவில்லை. தூக்கத்திலும் ஒருத்தி தன்னை முந்துவாளா?

சேறு படிந்த சேலையோடு தன்னை அவள் பார்த்துவிடக் கூடாது என்ற எண்ணமே முதலில் வந்தது. காளியம்மா சத்தமில்லாமல் விலகிப் போய்க் காலைக் கழுவினாள். திரும்பி வந்து முகப்பின் எதிரே உட்கார்ந்தாள்.

ஆட்கள் வந்து சீட்டைக் காட்டிப் பெட்டியைக் கொடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். வராதவர்கள் இருவர் என்று ஆயிற்று. ஓர் இடம் வரிசையில் முன்னால் இருந்த சீனருக்குப் போயிற்று. கேதரின் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"அக்கா, இன்னும் ஒரே ஒருத்தர்தான் வரலை. கொஞ்ச நேரம் பார்ப்போம். வரலேன்னா அந்த இடம் உங்களுக்கு."

"யாரு அது?"

கேதரின் தாளைப் பார்த்தாள். "புஷ்பவள்ளி. தகப்பன் பேரு குழந்தைவேலு. நம்மாளுதான். உங்களுக்குத் தெரியுமா?"

தகப்பன் பெயரைக் கேட்டதும் காளியம்மா தன் சீட்டை நினைத்துக்கொண்டாள். அந்தக் குழந்தைவேலுவின் பெயர் தன் சீட்டிலும் இருக்கிறதோ என்று பதறினாள். இல்லை, ஹெர்பர்ட் அதில் பிச்சையின் மனைவி என்றுதான் எழுதியிருந்தார்.

"இந்தச் சீமையில எத்தனையோ புஷ்பவள்ளி" என்றாள்.

ஒலிபெருக்கி அந்தப் பெயரை முதலில் மலாயிலும் பிறகு ஆங்கிலத்திலும் கூப்பிட்டது. காளியம்மாவின் கால்கள் தாமாகவே தூணை நோக்கி நடந்தன. எழுப்பத்தான் போகிறோம் என்றே அவள் நினைத்தாள். கூப்பிட்ட சத்தத்தில் விழித்திருப்பாள், எழுந்து ஓடி வருவாள், எதிரே பார்த்து, "அக்கா, நீ இன்னும் போகலியா?" என்பாள், சிரிப்பாள் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனாள். புஷ்பவள்ளி அசையவில்லை.

தோளைத் தொடக் கை நீண்டது. தொட்டால் போதும். தொட்டால் இவள் எழுந்து ஓடுவாள். ஓடினாலும் அழகாகத்தான் ஓடுவாள். மண்டபத்தில் எல்லாரும் எழுந்து வழிவிடுவார்கள். பெண்ணின் தாயார் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போவார். அய்யாவு, இடுப்பில் சுமந்து வளர்த்த அய்யாவு, தலையைக் குனிந்துகொண்டு இவளுடைய முடிச்சுக்காகக் காத்திருப்பான். தோட்டமோ, "காளி பறக்கப் போனா, படகுத்துறையில குந்திக்கிட்டா" என்று பத்து வருஷத்துக்குச் சிரிக்கும். அப்பனுடைய கடைசிச் சொல்லையும் வாங்கிக்கொண்டவளுக்குத் தம்பியின் தாலி முடிச்சுமா?

அந்நேரம் புஷ்பவள்ளியின் மடியிலிருந்த கைப்பை நழுவியது. காளியம்மா சட்டெனக் குனிந்து, அது தரையைத் தொடுமுன் பிடித்து, மறுபடி மடியில் மெல்ல வைத்தாள். பாசத்தால் அன்று, விழுந்தால் சத்தம் கேட்கும்.

பிறகு வந்த வழியே திரும்பி நடந்தாள்.

"அந்தம்மா வரலைக்கா" என்று கேதரின் அவள் சீட்டில் புதிய விமானத்தின் எண்ணை எழுதி முத்திரை குத்தினாள். "உங்களுக்கு நல்ல நேரம்."

அது சன்னலோர இடம். புஷ்பவள்ளி கேட்டு வாங்கிய இடமாக இருக்க வேண்டும். பணிப்பெண் மிட்டாய்த் தட்டை நீட்டினாள். காளியம்மா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பயம் இருந்தது, குற்ற உணர்வும் இருந்தது. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில், பிறந்தது முதல் அறியாத ஒரு தித்திப்பும் இருந்தது. வாழ்நாளில் முதன்முறையாக, தங்கையிடமிருந்து ஒன்றைத் தன் கையால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

செந்தூல் மண்டபத்தில் அவளைக் கண்டதும் பிச்சைக்கு உயிர் வந்தது. "எங்கடி போன? முன்னாடி பிளேன்ல வர்றேன்னியே!" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டான். "புஷ்பா எங்க, புஷ்பா எங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் காளியம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

கெட்டிமேளம் முழங்கியது. அய்யாவு முதல் முடிச்சைப் போட்டான். மற்ற இரண்டையும் காளியம்மா போட்டாள். மரத்தில் கம்பி முறுக்கி, பால் வடியும் மங்கு மாட்டிப் பழகிய விரல்கள். அந்த முடிச்சை இனி எவனாலும் அவிழ்க்க முடியாது. அட்சதை விழுந்தது. அவள் கண் நிறைந்தது. அதே நேரத்தில், பக்கத்தில் நின்ற பெண்ணின் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நர்ஸ் அக்காதான் வர முடியாமப் போச்சு. பாவம், ராத்திரியெல்லாம் எத்தனை உசுரைக் காப்பாத்தினாங்களோ!"

வராமலேயே வந்துவிட்டாள் என்று காளியம்மாவின் வயிறு எரிந்தது.

இரண்டாம் பந்தி நடக்கும்போது, ஐந்து மணி விமானத்தைப் பிடித்துப் புஷ்பவள்ளி வந்தாள். பாதி மண்டபம் எழுந்து நின்றது. "தூங்கிட்டேன்! பிளேன் ஸ்டேஷன்ல போயித் தூங்கிட்டேன்!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க, "அச்சச்சோ, என்ன களைப்போ!" என்று ஒருத்தி விசிற, மற்றொருத்தி இலை போட்டாள். காளியம்மா சாம்பார் வாளியோடு வந்து நின்றாள். சாப்பிட்டுக் கைகழுவ வந்த இடத்தில் சகோதரிகள் இருவர் மட்டும் நின்றார்கள்.

"முடிச்சு நல்லா விழுந்துச்சாக்கா?"

"விழுந்துச்சு." காளியம்மா தண்ணீரை ஊற்றினாள். "அப்படி என்னாடி தூக்கம்? ஊரையே கூப்புடுற மாதிரிக் கத்துறான், காது கேக்கலியா?"

கேட்ட பிறகுதான், தான் சொன்னது தனக்கே உறைத்தது. புஷ்பவள்ளி கையை உதறிக்கொண்டே அவளைப் பார்த்தாள்.

"வார்டுல ஒருத்தர் மூச்சு மாறினாலே எழுந்திருச்சு ஓடுறவ நான். என் பேரைக் கூப்பிட்டா எழுந்திருக்க மாட்டேனா? பையை எடுத்து மடியில வச்சியே, அப்பவும் எழுந்திருக்க மாட்டேனா?"

"அப்ப ஏன்டி கண்ணைத் திறக்கல?"

"திறந்து, 'என் இடத்துல நீ போக்கா'ன்னு சொல்லியிருந்தா நீ போயிருப்பியா? 'உன் பிச்சை வேணாம் போடி'ன்னு அங்கேயே குந்தியிருப்பே. குடுத்தா நீ வாங்க மாட்டே. எடுத்துக்கத்தான் செய்வே." புஷ்பவள்ளி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, அக்காளின் கன்னத்தில் இலேசாகத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

காளியம்மா கையிலிருந்த செம்பைக் கவிழ்த்து வைத்தாள். உண்மையாகவே அவள் விழித்திருந்தாளா? அல்லது பாதித் தூக்கத்தில் கண்டதை இப்போது பெருந்தன்மையாக மாற்றிக்கொண்டாளா? கேட்டால் சிரிப்பாள். ஒன்று மட்டும் நிச்சயம்: தான் துணிந்து செய்த ஒரே பாவத்தையும் அவள் தன்னுடைய புண்ணியமாக எழுதிக்கொண்டுவிட்டாள். பாவத்திலும் பங்கு கேட்பவளை என்ன செய்வது?

அந்தக் கசப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. காதுகுத்து, வளைகாப்பு, கருமாதி எதுவானாலும், யாராவது, "புஷ்பா, நீ பிளேனை விட்ட கதையைச் சொல்லு லா" என்பார்கள். அவள் கழுத்தைச் சாய்த்துத் தூங்கிக் காட்டுவாள். கூடம் குலுங்கும். அந்தத் தூக்கத்தின் மறுபக்கம் தெரிந்த ஒருத்தி மட்டும் மூலையில் வெற்றிலையை மென்றுகொண்டு எரிவாள். புஷ்பவள்ளிக்கும் பிறகு திருமணமாயிற்று; பினாங்குப் பாலமும் கட்டி முடிந்தது; எரிச்சல் தணியவில்லை.

பாலம் திறந்த மறு ஆண்டு, அய்யாவு தன் மகளுக்குக் காது குத்தினான். அதே செந்தூல். புஷ்பவள்ளி வழக்கம்போலத் தொடங்கினாள். கழுத்தைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். அன்று காளியம்மாவால் பொறுக்க முடியவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள்.

"அவ தூங்கிப் பிளேனை விடலை!" என்று கத்தினாள். "நான்தான் எழுப்பலை! பக்கத்துலதான் நின்னேன். எழுப்புனா முடிச்சு போயிரும்னு எழுப்பாம வந்தேன். போதுமா? எல்லாரும் கேட்டுக்கங்க!"

அய்யாவின் மாமியார் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா அந்த மனசை? தங்கச்சி தூங்கிட்டான்னு நாலு பேரு சிரிக்கிறது பொறுக்காம, பழியைத் தன் தலையில போட்டுக்கிறாங்க! அக்கான்னா இவங்கல்ல அக்கா!"

"தாய் மாதிரி வளத்தவ இல்லியா" என்றது ஒரு குரல். "இருக்கும்போதே கோயில் கட்டலாம் காளிக்கு" என்றது இன்னொன்று. அய்யாவு எழுந்து வந்து அக்காளின் காலைத் தொட்டான். காளியம்மா, "இல்லடா, நெசமாத்தான்..." என்று தொடங்கினாள். அதற்குள் அவள் கண், கூட்டத்தைத் தாண்டித் தங்கையின் முகத்தில் விழுந்தது.

புஷ்பவள்ளி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்தச் சிரிப்பின் ஓரம் சுருங்கியிருந்தது. ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. சாய்த்த கழுத்தை நிமிர்த்த மறந்து, கழுத்தைச் சாய்த்தபடியே அவள் அக்காளைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் காளியம்மா நன்றாக அறிவாள். முப்பது ஆண்டுகளாக அதைத் தன் முகத்திலேயே சுமந்தவள் அல்லவா?

சொல்ல வந்ததை அவள் சொல்லி முடிக்கவில்லை. அய்யாவின் தலையில் கையை வைத்து, "நல்லா இருடா" என்று வாழ்த்தினாள். பந்தியில் போய் உட்கார்ந்து, பாயசம் வந்தபோது, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாள்.